காக்கையின் இனம்

என் சேட்டன் திவாகரனின் பதினாறாம் நாள் பலிக்குக் காக்கை வரவில்லை.

இந்த மலைக்குக் காக்கை எப்போதுமே விருந்தாளிதான். கீழே பஜாரில் இறைச்சிக் கடைக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஏலத்தோட்டம் தாண்டி, மழையில் நனைந்து, எங்கள் வீடு வரைக்கும் ஏறி வர அதற்கு என்ன தலையெழுத்து? சேர்த்தலையிலிருந்து நாங்கள் இங்கே குடியேறிய புதிதில், கர்க்கடக வாவுக்கு, அதாவது ஆடி அமாவாசைக்கு, சேட்டன் இலையோடு சோற்றை ஜீப்பில் வைத்துப் பஜாருக்கே கொண்டுபோய்விடுவார். "காக்கா நம்ம வீட்டுக்கு வரலைன்னா நாமதான் அது வீட்டுக்குப் போகணும்" என்பார். பதினாறாம் நாளுக்கு அந்த வழி கிடையாது. எரித்த இடத்தில், வீட்டுக்குத் தென்புறத்து முற்றத்தில்தான் வைக்க வேண்டும். அங்கேயேதான் காக்கை எடுக்கவும் வேண்டும்.

வைத்தவன் என் மகன் அஜயன். கிணற்றடியில் குளித்து, ஈர முண்டோடு, விரலில் தர்ப்பை மோதிரத்தோடு குந்தியிருந்தான். பக்கத்தில் பார்க்கவன் சாந்தி. எங்களில் பூசையும் கருமமும் செய்து வைக்கிறவரை அப்படித்தான் அழைப்போம். அவர் சொல்லச் சொல்ல இவன் எள்ளும் நீரும் விட்டு, சோற்று உருளையை இலையில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு தட்டினான். ஈரக்கை சத்தம் மலையில் போய் மோதித் திரும்பி வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

உண்மையில் வைக்க வேண்டியவள் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சுஷா, சேட்டனுக்கு ஒரே பிள்ளை. எங்களில் பெண்ணும் பலி வைக்கலாம். ஆனால் "இந்த முற்றத்துல அவ கால் படக்கூடாது" என்று அவளுடைய அம்மா சொல்லி மூன்று வருஷமாகிறது. அம்மா என்றால் என் அண்ணி, விலாசினி சேச்சி. சேச்சி ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி.

மஞ்சு கட்டிக்கொண்டது ரோய் என்ற கிறிஸ்தவ வீட்டுப் பையனை. ஊருக்கு அதுதான் காரணம். சேச்சிக்கு அது பாதிக் காரணம்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். மஞ்சுவுக்குச் சின்ன வயதிலிருந்தே பறவைக் கிறுக்கு. வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் பறவைக் கணக்கெடுப்புக்கு அவளும் காட்டுக்குள் போவாள். அந்த வருஷமும் அப்படித்தான், "கணக்கெடுப்புக்குப் போறேம்மா, ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்று சொல்லிக் கிளம்பினாள். சேச்சி விடியற்காலையில் எழுந்து இலையடை அவித்துக் கட்டிக்கொடுத்தாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் ஆன சேதியை மறுநாள் ஜீப்காரன் வந்து சொன்னான்.

"யாரைக் கட்டினான்னு நான் அழல ஓமனே" என்று சேச்சி என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னாள். "என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னா. சொல்லிட்டு, நான் சுட்ட அடையையும் வாங்கிட்டுப் போனா. அதை எப்படி மறக்கறது?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சேட்டன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. தினமும் உப்பு வாங்கப் பஜாருக்குப் போனார், அவ்வளவுதான். பஜாரில்தான் மஞ்சுவின் வீடு. எங்கள் உப்புப் பரணி நிரம்பி வழிந்தது. ஏன் இவ்வளவு உப்பு என்று சேச்சி ஒரு நாளும் கேட்கவில்லை.

அவர் செத்த அன்று மஞ்சு ரோட்டிலேயே மழையில் நின்றாள். அத்தை என்ற உரிமையில் நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா கூப்பிடட்டும் அப்பச்சி" என்றாள். அம்மா கூப்பிடவில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என் உயிர்தான் போயிற்று. இன்று வேலி வரைக்கும் வந்திருக்கிறாளே, அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டேன். தலையில் ஒரு துண்டு, கழுத்தில் அந்தத் தூரப்பார்வைக் கண்ணாடி. அச்சனுக்குப் பலி நடக்கும் இடத்துக்கு அதை எதற்கு மாட்டிக்கொண்டு வந்தாள் என்று எரிச்சலாகவும் இருந்தது. பிறகுதான் புரிந்தது, வேலிக்கு அப்பாலிருந்து அந்த இலையைப் பார்க்க அவளுக்கு வேறு வழி இல்லை.

காக்கை உருளையை எடுக்கவில்லை என்றால் செத்தவருக்கு ஏதோ குறை இருக்கிறது. அது என்னவென்று யோசித்து, நிறைவேற்றுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியான குறையைச் சொல்லிவிட்டால் காக்கை இறங்கும். சாந்தி எங்களைப் பார்த்தார். "மனசுல எதாவது இருந்தா சொல்லிடுங்க" என்றார்.

முதலில் எழுந்தவர் கேசவன் மாமா, எங்கள் தாய்மாமன். பல்லில்லாத வாயால் வானத்தைப் பார்த்துப் பேசினார். "திவாகரா, மாட்டுக்கொட்டாய்க் கூரை ஒழுகுதுன்னு புலம்புவியே. நான் ஆள் வச்சு அடைச்சுடறேன்டா."

வானத்தில் அசைவில்லை.

"சரி, குடிக்கிறதையும் குறைச்சுக்கறேன்."

"குறைக்கறதா, நிறுத்தறதா?" என்றேன்.

"செத்தவனுக்கே அவ்வளவு ஆசை இருக்காது ஓமனே" என்று உட்கார்ந்துவிட்டார்.

அஜயன் பாக்கி வைத்த பரீட்சையை எழுதிவிடுவதாகச் சொன்னான். நான் கறவைப் பசுவை விற்கமாட்டேன் என்று சொன்னேன். எல்லாரும் காக்கைக்குப் பொய்க்கணக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். என்ன குறை என்று அங்கே நின்ற வாழைமரத்துக்குக்கூடத் தெரியும். சொல்ல வேண்டியவள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சேச்சி, அவளைக் கூப்பிடறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. காக்கா வரலைன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"காக்காவை வச்சு எனக்குப் பாடம் எடுக்காதே" என்றாள் சேச்சி. "அவருக்குக் குறை இருந்தா என்கிட்டச் சொல்லியிருப்பார்."

"சொல்லாம உப்பா வாங்கிக் குவிச்சாரே, அது என்னவாம்?"

சேச்சியின் முகம் ஒரு கணம் ஆடியது. பிறகு பழையபடி இறுகிவிட்டது. அந்த நேரத்தில்தான் அது வந்தது.

தென்புறத்துப் பலாமரத்திலிருந்து ஏதோ வெள்ளையாகச் சரிந்து இறங்கியது. காக்கையைவிட உடம்பு சிறிது, வால் மட்டும் உடம்பைவிட நீளம். இலைக்குப் பக்கத்தில் குதித்து, தலையைச் சாய்த்து எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு உருளையில் பாதியைக் கொத்தித் தூக்கிக்கொண்டு திரும்பவும் பலாவுக்கே போய்விட்டது. அப்படி ஒரு பறவையை அந்த முற்றத்தில் நாங்கள் யாரும் கண்டதில்லை.

சேச்சிதான் முதலில் பேசினாள். "எடுத்தாச்சு. அவருக்கு ஒரு குறையும் இல்லை. சாந்தி, முடிச்சுக்கலாம்."

"எப்படி முடிக்கிறது?" என்றேன். "அது காக்காவா? வெள்ளைத் தலையோட எந்த ஊர்ல காக்கா இருக்கு?"

"திவாகரன் குளிச்சிட்டுத் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் கேசவன் மாமா. சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாந்தி எழுந்து பலாவை அண்ணாந்து பார்த்தார். நேர்மையான மனிதர். தட்சிணைக்காக வாயில் வந்ததைச் சொல்கிறவர் இல்லை. "காக்காவோ, காக்காவோட இனமோ எடுத்தா ஏத்துக்கலாம்னு என் அச்சன் சொல்லுவார். வேற எது தொட்டாலும் அது வெறும் தீனி. இது எந்த இனம்னு எனக்குத் தெரியல. தெரியாததுக்கு நான் சாட்சி சொல்லமாட்டேன்."

"நாகமோகனா இருக்கும்" என்றான் அஜயன். "அதுக்குத்தான் வெள்ளையா நீள வால்."

"வெள்ளைத் தலையும் நீள வாலும் இருந்தா நாகமோகனா? என் அச்சனுக்கும் வெள்ளைத் தலைதான்" என்றார் மாமா. "நம்ம ஊர்த் தென்னந்தோப்புல ஓலேஞ்ஞாலி வருமே, வால் அது மாதிரி இருக்கு. ஆனா அதுக்குத் தலை இருட்டா இருக்கும்."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பறவை இலைகளுக்கு நடுவில் மறைந்து உட்கார்ந்திருந்தது. வால் மட்டும் தொங்கியது. கடைசியில் எல்லாருக்கும் வர வேண்டிய நினைவு மாமாவுக்குத்தான் வந்தது. யாரையும் கேட்காமல் வேலியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மஞ்சு, உனக்குத்தானே இதெல்லாம் தெரியும். சொல்லு மோளே, அது என்ன?"

சேச்சி தடுக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்றால் இதுதான். அது காக்கை இல்லை என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குறை பாக்கி நிற்கும். நின்றால் சேச்சி இறங்கித்தான் வர வேண்டும். எச்சில் இலை எடுக்கிறவள் மாதிரி வேலியோரமாகப் போனேன்.

"மஞ்சு, தெரியலைன்னு சொல்லிடு. இல்ல, காக்கா இல்லைன்னே சொல்லு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "நிஜமாவே இன்னும் தெரியல அப்பச்சி. இலை மறைக்குது. அது ஒரு தரம் கத்தட்டும்."

"கத்தினா?"

"கத்தினா நிச்சயமாத் தெரிஞ்சிடும்."

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தோன்றியது. கண்ணாடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஆனாலும் நிச்சயமில்லாமல் வாய் திறக்கமாட்டாள். ஒரு கதவைத் தானே சாத்திக்கொள்வதற்கு முன்னால், அது கதவுதானா என்று தடவிப் பார்க்கிறாள். இந்தப் பெண்ணுக்கு இந்த நேரத்தில் இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எல்லாரும் காத்திருந்தோம். மழை தூறலாகி நின்றது. மேலே காலில் எதையோ மிதித்துக்கொண்டு அது கொத்தித் தின்பது தெரிந்தது. மிச்சத்தைப் பலாமரத்துப் பொந்தில் வைத்துச் செருகியது. பிறகு ஒரு கிளை மேலே தாவி, வெளிச்சத்துக்கு வந்து, கத்தியது. முதலில் ஒரு கரகரப்பு, சிரட்டையைக் கல்லில் தேய்ப்பது போல. அதற்குப் பிறகு, அதே தொண்டைதானா என்று சந்தேகப்படும்படி, மெல்ல ஒரு குழைவான ஒலி. இன்னொரு தரம் கரகரத்தது.

மஞ்சு கண்ணாடியைக் கீழே விட்டாள்.

"சொல்லு" என்றார் சாந்தி.

"நாகமோகன் இல்லை. நாகமோகன் பூச்சிதான் தின்னும், சோத்தைத் தொடாது. குரலும் இது இல்ல." அவள் குரல் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரல் போல இருந்தது. "தலையும் வயிறும் வெள்ளை, முகம் கறுப்பு, முதுகு காவி. வால் சாம்பல், நுனி கறுப்பு. மாமா சொன்னது பாதி சரி. ஓலேஞ்ஞாலியோட காட்டுச் சொந்தம் இது. உள்காட்டுலதான் இருக்கும், வீட்டுப் பக்கம் வராது. எப்படி வந்துச்சோ தெரியல."

"ஓலேஞ்ஞாலி முட்டைக் கள்ளனாச்சே" என்றார் மாமா. "அது எப்படிக் காக்கா ஆகும்?"

"காக்காவும் முட்டைக் கள்ளன்தான் மாமா."

நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். "மஞ்சு" என்றேன், மெதுவாக.

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "அச்சன் சாப்பிட்டதைச் சாப்பிடலைன்னு நான் எப்படி அப்பச்சி சொல்வேன்?"

பிறகு முற்றத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கால்ல மிதிச்சுக்கிட்டுத் தின்னுச்சு. மிச்சத்தை ஒளிச்சு வச்சுச்சு. அலகும் தொண்டையும் அந்த ஜாதிதான். ஓலேஞ்ஞாலியும் இதுவும் காக்கா குடும்பம். சந்தேகமே இல்ல. பலி சரியாத்தான் போய்ச் சேர்ந்திருக்கு. அம்மா சொன்னதுதான் சரி."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

சாந்தி தலையை ஆட்டினார். அவருக்கு அது போதும். "அஜயா, மோதிரத்தைக் கழட்டு. இலையை மடிச்சு ஓடையில விட்டுடலாம்" என்றார். அஜயன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? மஞ்சு தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தாள். கீழே ரோட்டில் ரோயின் ஜீப் நிற்பது தெரிந்தது. அந்த நிமிஷம் என் சேட்டன் மீதே எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அவசரமாகச் சாப்பிட்டிருக்க வேண்டுமா, மனிதர்?

"நில்லுங்க" என்றாள் சேச்சி.

படியிலிருந்து இறங்கி வந்தாள். இலைக்கு முன்னால் நின்று, மிச்சமிருந்த பாதி உருளையைக் குனிந்து பார்த்தாள். சேட்டன் போன நாளிலிருந்து அவள் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்ததை நான் பார்க்கவில்லை.

"அது காக்கா இல்ல" என்றாள்.

சாந்தி குழம்பிப்போனார். "சேச்சி, இப்பத்தானே அந்தப் பொண்ணு—"

"அவ சொன்னா ஆச்சா? வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தா எல்லாம் காக்காதான். நான் இந்த முற்றத்துலயே கிடக்கிறவ. காக்கா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்கதானே முதல்ல எடுத்தாச்சுன்னு சொன்னீங்க" என்றான் அஜயன். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

"அப்பச் சொன்னேன். இப்ப இல்லைங்கறேன்." சேச்சியின் மூக்கு நுனி சிவந்திருந்தது. "சாந்தி, அரிசி மிச்சம் இருக்குல்ல? இன்னொரு உருளை பிடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

சாந்தி அவளைப் பார்த்தார். பலாவைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்தார். சாட்சி சொல்லமாட்டேன் என்ற மனிதர் எள் கிண்ணத்தை மறுபடி திறந்தார். "பிடிக்கலாம்" என்றார்.

"ஓமனே" என்றாள் சேச்சி. குரல் பழைய அதிகாரக் குரல்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "அவளைக் குளிச்சிட்டு வரச் சொல்லு. ஈரத்துணியோட உக்காரணும். என் முண்டு கொடியில கிடக்கு, அதைக் கொடு."

நான் ஓடவில்லை, பறந்தேன். பாதி வழியில் அவள் கையைப் பிடித்தேன். "கூப்பிட்டுட்டா" என்று மட்டும் சொன்னேன். மஞ்சு நம்பாமல் மேலே பார்த்தாள். சேச்சி வேலிப் படலைத் தன் கையாலேயே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

மஞ்சு படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அம்மாவும் மகளும் மூன்று வருஷத்துக்குப் பிறகு எதிரெதிரே. இனியாவது வாயைத் திறக்காமல் உள்ளே போ என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

"அம்மா" என்றாள் அவள். "அது காக்கா இனம்தான். நான் பொய் சொல்லல."

"தெரியும்டி" என்றாள் சேச்சி. "குளிச்சிட்டு வா."